எண்பத்து நாலு கூடைகளின் கனம்

ஏணிப்புதூரில் கூடைகள் கனத்தை விட்டுவிட்ட கதையைக் கேட்க உட்கார்ந்தவர்கள் கையில் எதையாவது வைத்திருந்தால் முதலில் கீழே வைத்துவிடுங்கள், தம்ளராக இருந்தாலும் சரி, செல்போனாக இருந்தாலும் சரி, ஏனென்றால் இந்தக் கதையில் தூக்கப்படுகிற ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கை தாழ்கிறது, அந்தக் கைகளில் இரண்டு என் அம்மாவுடையவை.

எங்கள் ஊருக்கு ஏணிப்புதூர் என்று பெயர் வைத்தவருக்குக் குசும்பு அதிகம். ஓடைக்கரையில் இருந்த எங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிச் சரிவில் எண்பத்து நாலு வீடுகளாக ஒட்டவைத்து, ஏறி இறங்க நூற்று நாற்பத்திரண்டு படிகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, குழாயை மட்டும் அடிவாரத்திலேயே மறந்துவிட்டுப் போனார்கள். குழாய் அடியில், ரேஷன் கடை அடியில், பஸ் அடியில், ஆஸ்பத்திரி அந்தப் பஸ் போகிற இடத்தில். யாரும் சுமக்காமல் மேலே வந்து சேர்வது வெயில் ஒன்றுதான், அது மட்டும் வீட்டுக்கு வீடு தாராளமாகக் கிடைத்தது.

படிகள் முடிகிற உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆறு பெண்கள் உட்கார்ந்து பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவார்கள். தலைவி மரகதம் அக்கா, வாயைத் திறந்தாலே ரயில் நிலைய அறிவிப்பு: "சகோதரிகளின் கனிவான கவனத்துக்கு, டீ ஆறிக்கொண்டிருக்கிறது." அடுத்தவர் ஜைத்தூன் அத்தை, அத்தை போட்ட முடிச்சில் எறும்பு நுழையாது, அத்தை பேச்சிலும் ஒரு சொல் கூடுதலாக நுழையாது. மூன்றாவது என் அம்மா செலின், நெல்லிக்காய் போல உருண்டு நிற்கிற முடிச்சுக்குப் பேர்போனவள், பின்னும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள், அதனால் அவள் பின்னுகிற நேரத்தில் நான் என்ன சேட்டை செய்தாலும் திட்டு வராது. மற்ற மூவரும் அக்கா தங்கைகள், ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பார், ஊரில் எல்லார் குரலிலும் பேசிக்காட்டுகிற எனக்கே அவர்களைத் தனித்தனியாகப் பேசிக்காட்ட வராது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் அந்தக் கொட்டகை பற்றி எரிந்து, உள்ளே இருந்த ஒயர்க் கட்டுகள் எல்லாம் உருகி ஒரே கட்டியாகிவிட்டன. மறுநாள் காலையில் எண்பத்து நாலு வீட்டுக்காரர்களும் வீட்டுக்கொரு ஒயர்க் கட்டை வாங்கிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் நிறம் ஒத்துப்போகவில்லை. அந்த உதவிக்குக் கைமாறாகத்தான் இந்த வருடம் சித்திரையில் வீட்டுக்கொரு கூடையைச் சும்மா கொடுப்பது என்று ஆறு பேரும் முடிவு செய்து, ஆளுக்குப் பதினாலாகச் சித்திரைக்கு முந்தைய ஐந்து மாதமும் பின்னினார்கள்.

எங்கள் கூடைக்காரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. விற்றாலும் சரி, கொடுத்தாலும் சரி, வெறுங்கூடையை நீட்ட மாட்டார்கள், உள்ளே ஒரு எலுமிச்சம்பழமாவது உருள வேண்டும். கூடை கொடுக்கிற விழாவுக்கென்று ஒரு சாக்கு எலுமிச்சையும் வந்து இறங்கியிருந்தது. ஆனால் தலைமை தாங்க வந்த வார்டு உறுப்பினர், "இந்த மலை என் மலை, இந்தப் படி என் படி, உங்கள் வியர்வை என் வியர்வை" என்று வியர்க்காமல் நின்று இரண்டு மணி நேரம் பேசியதில், அவருக்கும் அவர் கூட வந்த பதினெட்டுப் பேருக்கும் திரும்பத் திரும்பச் சாறு பிழிந்து, கூடை கொடுக்கிற நேரத்தில் சாக்கில் தோல்தான் இருந்தது. ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மரகதம் அக்கா முதல்முறையாக மெல்லப் பேசினார்.

"வெறுங்கூடையா நீட்டக் கூடாது. கையை உள்ள விட்டு எடுத்துட்டுக் குடுங்க. நம்மகிட்ட இருக்குறது கைதான."

அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு கூடையிலும் அதைப் பின்னியவள் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை விட்டு, ஒரு நொடி வைத்திருந்து, எடுத்து, கூடையை நீட்டினாள். வாங்கியவர்கள் கும்பிட்டு வாங்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, அறுபதாவது படிக்காரரான துரைப்பாண்டி அண்ணன், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், இருபத்தைந்து கிலோ அரிசியைக் கூடையில் வைத்துத் தூக்கினார், நின்றார், கீழே வைத்துவிட்டுக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார், அரிசி இருந்தது, மறுபடி தூக்கினார். அவர் மூக்கால் பேசுவார். "என் கையில ஒண்ணும் இல்லியே, என் கையில ஒண்ணும் இல்லியே" என்று மூக்கால் சொல்லிக்கொண்டே அறுபது படியையும் ஏறி, நம்பாமல் இறங்கி, மறுபடி ஏறினார். அன்று சாயங்காலத்துக்குள் குடங்கள் வந்தன, சிலிண்டர்கள் வந்தன, எட்டு வருடமாக அடிவாரத்திலேயே கிடந்த ஒருவருடைய மரப் பீரோ, பின்னல் கிழியாமல் ஒரு கூடையில் நின்றுகொண்டு, மேலே வந்தது. யாரும் பெரிதாக வியக்கவில்லை. நேற்று வரை சுமந்தவர்களுக்கு, இன்று சுமக்க வேண்டாம் என்றால், அது முன்பே வந்திருக்க வேண்டியது தாமதமாக வந்ததாகத்தான் தோன்றியது.

இரண்டாம் நாள் நான் ஆட்டுக்கல்லைக் கூடையில் வைத்தேன். குழாயடியில் நல்ல கூட்டம். வார்டு உறுப்பினர் மாதிரித் தொண்டையைச் செருமி, "இந்தக் கல் என் கல்" என்று தொடங்கி, கூடையை ஒற்றை விரலில் மாட்டித் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கினேன், ஒவ்வொரு தூக்கலுக்கும் கைதட்டல், கடைசியில் துரைப்பாண்டி அண்ணனே சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால் அம்மா தரையில் கிடந்தாள். அடுப்பில் இருந்த குழம்பு அவள் முழங்கைவரை இருந்தது.

"கை போயி விழுகுது அல்போன்சா," என்றாள். "யாரோ புடிச்சு இழுத்த மாதிரி விழுகுது, விடுது, மறுபடி விழுகுது. பன்னெண்டு வாட்டி."

நான் பன்னிரண்டு தடவைதான் தூக்கியிருந்தேன். அன்றைக்கு என் வாயில் என் சொந்தக் குரல்கூட வரவில்லை.

அடுத்த வீட்டுக்குச் சொன்னேன், அவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள், இப்படியே படி படியாக இறங்கி விஷயம் குழாயடிக்குப் போனது. கூடையில் தூக்குகிற கனம் எங்கேயும் போகவில்லை, அதைப் பின்னியவள் கைக்குப் போகிறது. இரண்டு நாள் ஒருவரும் கூடையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் வெயில் நூற்றைத் தாண்டியது. ஒரு பெண் கைக்குழந்தையோடு இரண்டு குடத்தை வைத்துக்கொண்டு முப்பதாவது படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு மரகதம் அக்காவே மேலேயிருந்து அறிவித்தார்.

"பயணிகள் கவனத்துக்கு, அளவாத் தூக்கிக்கங்க, குடுத்தது குடுத்ததுதான்."

அப்படித்தான் அது ஊர்ப் பழக்கமானது. எந்தக் கூடை யார் பின்னியது என்பது எல்லாருக்கும் மனப்பாடமானது. தூக்குவதற்கு முன் தகவல் சொல்வது மரியாதை என்று ஆனது, தண்ணீருக்கு ஒரு மிஸ்டு கால், அரிசிக்கு இரண்டு, சிலிண்டருக்கு நேராகப் பேச வேண்டும். "செலினக்கா, சாப்ட்டீங்களா, சிலிண்டர் ஒண்ணு வருது." "வரட்டும்பா, ஒரு நிமிசம், கைல கரண்டி இருக்கு." தூக்கி முடித்தவர்கள் தைலம் வாங்கிவந்து கொடுத்தார்கள், எங்கள் வீட்டு ஜன்னல் முழுக்கத் தைலப் புட்டி. அம்மாவால் கையைத் தொங்கவிட்டு உட்கார முடியாமல் போனபோது, விட்டத்தில் சேலையைக் கட்டிக் குழந்தைக்குப் போடுகிற மாதிரி இரண்டு தூளி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கையைக் கிடத்தினோம். ஆறு வீட்டிலும் அப்படி. போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "கை தூங்குதா" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அந்த விசாரிப்பில் பொய் இல்லை, ஆனால் விசாரித்தவர்கள் நேராகக் குழாயடிக்குத்தான் போனார்கள்.

நூற்றுப் பத்தாவது படி வீட்டில் குருவம்மா அத்தை. அவர் வீட்டுக்காரர் மாடசாமி மாமா பக்கத்து ஊர்க் குவாரியில் கல் உருண்டு இடுப்புக்குக் கீழே செயல் போனவர், நாலு வருடமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். துவைக்கிற துணி போட ஆகும் என்று குருவம்மா அத்தை கேட்டதால் அம்மா மிஞ்சிய ஒயரையெல்லாம் சேர்த்துத் தொட்டி மாதிரி ஒரு கூடையை அவருக்குப் பின்னிக் கொடுத்திருந்தாள். ஒருநாள் அத்தை வந்து, வாசலைத் தாண்டாமல் நின்றார்.

"கேக்கவே வாய் கூசுது செலினு."

"கேளு."

"அவரை ஒருக்கா கீழ கொண்டுபோயி பஸ்ஸப் பாக்க வைக்கணும். அந்த நீலக் கலரு பஸ்ஸு இன்னும் ஓடுதான்னு தெனமும் கேக்குறாரு."

"எத்தனை கிலோ."

"ஆஸ்பத்திரில அம்பத்தெட்டுன்னாங்க. நாலு வருசம் ஆச்சு."

அம்மா தூளியிலிருந்து கைகளை எடுத்தாள், தரையில் தலையணையைப் போடச் சொன்னாள், அதன்மேல் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போ," என்றாள். அந்தப் படிகள் முழுக்க அவள் கை தலையணையில் புதைந்துகொண்டே போனதை நான் பார்த்தேன், விரல்நுனி நீலமானதைப் பார்த்தேன், ஆனால் அவள் முகத்தில் வேறு ஏதோ இருந்தது. "இப்ப அம்பதாவது படி," என்றாள். "யாரையோ வம்புக்கு இழுக்குறாரு. சிரிக்கிறாரு, கூடை குலுங்குது."

அதற்குப்பின் மாடசாமி மாமா வாரம் இரண்டு நாள் கீழே போனார். டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் கூடையை வைத்தால், உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டி, இறங்குகிறவன் ஏறுகிறவன் எல்லாரையும் கிண்டலடிப்பார். "என்ன துரைப்பாண்டி, எடைக்கல்ல நீயே தின்னுட்டியா, வயிறு இப்பிடிப் போகுது." ஒரு மாதத்தில் அம்மா சொன்னாள், "அறுபத்தொண்ணு ஆயிட்டாரு. பன்னு திங்குறாரு."

அதோடு நின்றிருந்தால் தாங்கியிருப்பார்கள். ஆனி பிறந்ததும் மேலே தண்ணீர்த் தொட்டி கட்ட ஒருவர் வந்தார். மணலும் ஜல்லியும் சிமெண்டும் படியேற்ற ஆள் கிடைக்காது என்பதால்தான் இத்தனை வருடம் தொட்டி வரவில்லை என்றும், இப்போது உங்களிடம் கூடை இருக்கிறது என்றும், பத்து நாள் பல்லைக் கடித்தால் பதினோராம் நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழாய் என்றும் அவர் சொன்னார். ஊர் கூடி ஆறு பேரிடமும் கேட்டது. ஒருவரும் வற்புறுத்தவில்லை, அதுதான் கொடுமை, எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். ஜைத்தூன் அத்தை, "பத்து நாளா," என்றார். மரகதம் அக்கா, "குழாய் வந்துட்டா அப்புறம் தூக்கவே வேணாமே," என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

பத்து நாள் எண்பத்து நாலு கூடைகளில் மணல் ஏறியது. எங்கள் வீடுகளில் ஆறு பெண்கள் குப்புறப் படுத்திருந்தார்கள், கைகள் தரையோடு தரையாக, விரல் பட்ட இடத்தில் சாணி மெழுகிய தரை குழிந்தது. அம்மாவுக்கு நான் சோறு ஊட்டினேன், ஈ ஓட்டினேன், மூக்கு அரித்தால் சொறிந்துவிட்டேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் பேசிக்காட்டினேன், அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரித்தால் தோள் அசைந்தது, தோள் அசைந்தால் கத்தினாள், அதனால் பேசிக்காட்டுவதையும் விட்டேன். பதினோராம் நாள், நாலு தூணும் ஒரு தளமும் முடிந்த நிலையில், தொட்டி கட்ட வந்தவர் கம்பி வாங்கிவரப் போனார். இன்றுவரை கம்பி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என் அம்மாவின் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார், அது காதுக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. "தோள்பட்டை கழன்று கழன்று கூடுது. இன்னும் ஒரு தடவை பெரிய கனம் விழுந்தா அறுந்துரும்," என்றார். "கூடை பின்னுறவங்களா. அப்ப அதையும் மறந்துர வேண்டியதுதான்." அப்பா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கைகள்தான் எங்கள் வீடு.

கூடைகளை வெட்டிவிடலாமா என்று மரகதம் அக்கா தன்னுடைய ஒரு கூடையில் ஒரே ஒரு ஒயரைக் கத்தரித்துப் பார்த்தார், அவருடைய சுண்டுவிரல் அதன்பின் மடங்கவில்லை. கடைசியில் ஜைத்தூன் அத்தைதான் வழி சொன்னார். போட்டவளே, போட்ட வரிசைக்கு நேர்மாறாக, கடைசி முடிச்சிலிருந்து முதல் முடிச்சுவரை பிரிக்க வேண்டும். பிரித்தால் கனம் கையை விடும். ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஆறு பேருக்கும் வாய் வரவில்லை, ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொல்லி ஒரு வாரம் போனது, அந்த ஒரு வாரமும் மிஸ்டு கால் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு காலையில் ஜைத்தூன் அத்தை தனியாகப் படியிறங்கிக் குழாயடியில் போய் நின்றார். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"தொழுகைக்கு நின்னா கையைக் காதுவரைக்கும் தூக்க முடியல. அல்லாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டேன். இப்ப உங்ககிட்ட கேக்குறேன். குடுத்ததைத் திருப்பிக் குடுங்க. மூணு நாள்ல பிரிச்சுருவோம். முடிச்சு பாதியில நிக்கும்போது எந்தக் கனம் எங்க எறங்கும்னு எங்களுக்கே தெரியாது. அதனால அந்த மூணு நாளும் மலையில ஒருத்தரும் ஒண்ணையும் தூக்காதீங்க."

குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ, "மூணு நாள் தண்ணிக்கு," என்று ஆரம்பித்தார்கள், முடிக்கவில்லை. துரைப்பாண்டி அண்ணன் குழாயை மூடினார்.

"எறங்கி வந்து குடிச்சுட்டு ஏறுவோம்," என்றார் மூக்கால். "வயித்துக்குள்ள கொண்டுபோறது கனத்துல சேராது."

வரிசையாக வந்து கொட்டகையில் கூடைகளை வைத்தார்கள், எண்பத்து மூன்று. குருவம்மா அத்தை மட்டும் தொட்டிக் கூடையை அணைத்துக்கொண்டு நின்றார். அம்மா, "உன்னோடத மூணாம் நாள் சாயங்காலம் கொண்டா, கடைசியாப் பிரிச்சுக்கிறேன்," என்றாள்.

அந்த மூன்று நாள் மாதிரி ஒரு அமைதியை எங்கள் மலை பார்த்ததில்லை. ஒருவரும் ஒன்றையும் தூக்கவில்லை. சோற்றுப்பானையைத் தூக்காமல் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பானையிலேயே கைவிட்டுத் தின்றார்கள், அழுத குழந்தையை எடுக்காமல் பக்கத்தில் படுத்துக்கொண்டு அணைத்தார்கள், தண்ணீர் தாகத்துக்கு நூறு படி இறங்கிக் குடித்துவிட்டு மேலே ஏறுவதற்குள் மறுபடி தாகம் எடுத்து நடுப்படியில் உட்கார்ந்தார்கள். மற்ற நேரம் வாசல்களில் கையை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாமல் எதையாவது தூக்கிவிடுவோமோ என்று தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே கொட்டகையில் ஆறு பெண்கள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சு முடிச்சாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கூடை முழுக்கப் பிரிந்ததும் அதைப் பின்னியவள் கை ஒரு விரல்கடை உயரும். ஒயரெல்லாம் முடிச்சின் நெளிவு போகாமல் சுருண்டு சுருண்டு கொட்டகை நிறையக் கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா பதின்மூன்றாவது கூடையின் அடிப்பாகத்தில் இருந்தாள். இன்னும் நாலு வரிசை. திடீரென்று இரண்டு கைகளும் தரையில் அறைந்தன, வலது தோளில் ஏதோ நகர்ந்த சத்தம் எனக்கே கேட்டது.

"குருவம்மா," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "மாடசாமியண்ணன் ஒரு மாதிரி இருக்காரு. கூடை நடுங்குது. மூச்சு கெடைக்கல போல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறா."

"நான் போயி நிறுத்துறேம்மா."

"நிறுத்தாத. போகட்டும்னு சொல்லு. அவ பயந்து பயந்து நிக்கிறா, ஒவ்வொரு படிக்கும் நிக்கிறா. செலினு தாங்குவான்னு சொல்லு. ஓடு."

நான் ஓடினேன். நூறாவது படியில் குருவம்மா அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றார், முகமெல்லாம் கண்ணீர், கையில் ஒரு கனமும் இல்லாமலே உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. கூடைக்குள் மாடசாமி மாமா வாயைத் திறந்து திறந்து மூடினார், உதடு அம்மாவின் விரல்நுனி நிறத்தில் இருந்தது.

"பாப்பா, எனக்கு வேற வழி தெரியல. செலினு என்ன சொன்னா. செலினு என்ன சொன்னா சொல்லு."

என் வாழ்க்கையில் நான் யார் சொன்னதையும் அப்படியே அந்தக் குரலிலேயே சொல்லக்கூடியவள். அம்மா சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"கீழ வைங்க," என்றேன்.

கூடை படியில் இறங்கியது. நான் குனிந்து, அவருடைய இரண்டு கைகளையும் என் கழுத்தைச் சுற்றி இழுத்து, அவரைக் கூடைக்குள்ளிருந்து உருவி முதுகில் ஏற்றினேன். அறுபத்தொரு கிலோ. அது என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் தெரியாது. முதல் படியில் முழங்கால் மடங்கப் பார்த்தது, ஐந்தாம் படியில் கண் இருட்டியது, அவருடைய செத்துப்போன கால்கள் இரண்டும் என் கெண்டைக்காலில் மோதி மோதி வந்தன. என் காதுக்குள் ஒரு காற்று, அதில் சொல் மாதிரி ஏதோ.

"ஏ புள்ள... எடறி விழுந்து... என்னையக் கொன்னுட்டேன்னு... பேரு வாங்காத."

"பேசாம வாங்க மாமா."

வாசல்களில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து வாய் பிளந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, யாராலும் கிட்டே வர முடியவில்லை. "தூக்காத பாப்பா, தூக்கக் கூடாது, மேல அவங்க கை போயிரும்," என்று ஒருவர் கெஞ்சினார். இன்னொருவர் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார். அறுபதாவது படியில் என்னால் முடியவில்லை. சுவரில் சாய்ந்தேன், அவர் முதுகிலிருந்து நழுவத் தொடங்கினார்.

"கூடையில இல்ல," என்றேன். குரல் என்னுடையதாகவே வந்தது, மெல்லிசாக, கிழிந்து. "முதுகுல இருக்காரு. அம்மா மேல போகல. என் மேலதான் இருக்கு. சத்தியமா முழுக் கனமும் என் மேலதான் இருக்கு, வந்து பாருங்க."

துரைப்பாண்டி அண்ணன் வாசலிலிருந்து எழுந்தார். பக்கத்தில் வந்து, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி ஒற்றை விரலை மாடசாமி மாமாவின் தொடைக்கு அடியில் வைத்து லேசாக நெம்பினார். நாள் முழுக்க எடை போடுகிறவர். நெம்பியபடியே கண்ணை மூடி நின்றார்.

"கனக்குது," என்றார். "ஏ, கனக்குதுப்பா. என் கையில கனக்குது."

இரண்டு கையையும் உள்ளே கொடுத்தார். பிறகு அந்தக் கெஞ்சியவர் வந்தார், பிறகு அக்கா தங்கை மூவரின் வீட்டுக்காரர்கள், பிறகு யார் யார் என்று நான் பார்க்கவில்லை, என் முதுகு நிமிர்ந்தது, பார்த்தால் நானும் அவருடைய தலைக்கு அடியில் கை கொடுத்து நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஆள் எழுந்து வந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் தூக்குகிறவர்களின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குருவம்மா அத்தை அவருடைய செருப்பு இல்லாத ஒரு பாதத்தை மட்டும் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று யாரோ மூச்சிரைக்க எண்ணினார்கள். கீழே ஓர் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது.

அப்போது மேலேயிருந்து மரகதம் அக்காவின் அறிவிப்புக் குரல் கேட்டு நிமிர்ந்தேன். உச்சியில், கட்டி முடிக்காத தொட்டித் தூண்களுக்கு முன்னால், அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த கனம் பாதிப் படியில் சட்டென்று அற்றுப்போனால் அவள் என்ன நினைத்திருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வலது கை அசையாமல் தொங்கியது. இடது கையைத் தூக்கினாள், தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே, வானத்தில் விரலை விரித்து, இருக்காரா என்று கேட்கிற மாதிரி ஆட்டினாள், மறுபடி ஆட்டினாள்.

எங்களில் ஒருவர்கூடப் பதிலுக்குக் கை காட்டவில்லை. எங்கள் கைகள் அத்தனையும் மாடசாமி மாமாவுக்கு அடியில் இருந்தன.